ஆங்கிலம் வராமல் ரொறன்ரோவில் வந்து இறங்கியவர்களுக்கு: முதல் வருட வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் வடமராட்சிப் பக்கத்து மாமி ஒருவரை இங்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தார்கள். குரலைக் கேட்டால் சென்னைப் பக்கம். மாமி சொன்னார்: "ஒரு கிழமையா வருத்தம் பிள்ளை. ஒண்டும் ஏலாமல் கிடக்கு." அந்தப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் போனது இது: இவர் ஒரு வாரமாகக் கவலையில் இருக்கிறார், எதையும் செய்ய முடியவில்லையாம். தாதி உடனே மனநிலை பற்றிய கேள்விகளைத் தொடங்கிவிட்டார். மாமிக்கு இருந்ததோ காய்ச்சலும் நெஞ்சுச் சளியும்.

மொழிபெயர்ப்பாளரில் பிழை சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய், சென்னையில் மனக்கவலை. இரண்டும் தமிழ்தான். ஆங்கிலம் தெரியாததுதான் பிரச்சினை என்று நினைத்து வருகிறோம். யார் நமக்காகப் பேசுகிறார்கள், எதைப் பேசுகிறார்கள் என்பதும் அதே அளவு பிரச்சினை. பலரோடு கூடப்போய், படிவம் நிரப்பி, சில இடங்களில் நானே பிழையாக மொழிபெயர்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லாம் ரொறன்ரோவை வைத்து எழுதியது. வேறு மாகாணத்தில் இருப்பவர்களுக்குப் பெயர்களும் இலக்கங்களும் மாறும்.

முதலில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான, தமிழர் நிறைந்த ஸ்காபரோவைப் பற்றி ஒரு வார்த்தை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்து வந்தபோது, அவர்களுக்காகப் பேச இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் இருந்தார்கள். அந்தக் காலத்தில் ரொறன்ரோ நகர மத்தியின் செயின்ட் ஜேம்ஸ் டவுன் மாடிக் கட்டடங்களில் குடியேறியவர்கள் தட்டுத்தடுமாறியாவது ஆங்கிலம் பழகவேண்டி இருந்தது. இன்று ஸ்காபரோவின் மார்க்கம் ரோட்டில் இறங்கினால் மரக்கறிக் கடை, பல் டொக்டர், கணக்காளர், வீட்டு முகவர் எல்லாரும் தமிழ். இது பெரிய ஆறுதல். இதே ஆறுதலால்தான் இருபது வருடமாகியும் பஸ் சாரதியிடம் ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். வந்த முதல் வருடத்தில் எந்தப் பக்கம் சாய்கிறீர்களோ, பெரும்பாலும் அதுதான் நிலைக்கிறது.

படி 1: முதல் வாரம். மூன்று தொலைபேசி இலக்கங்கள், ஒரு வசனம்

வசனம் இது: "டமில் இன்டர்பிரட்டர், ப்ளீஸ்." தமிழ் என்று ழகரத்தை அழுத்தி உச்சரித்தால் பலருக்குப் புரியாது, டமில் என்றே சொல்லுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம், வெட்கமும் வேண்டாம்.

911: உயிருக்கு ஆபத்து, தீ, அடிதடி. ஆங்கிலம் வராது என்பதற்காக அழைப்பைத் துண்டிக்காதீர்கள். "டமில்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இணைக்கும்வரை வரும் மௌனத்தில்தான் பலர் பயந்து போனை வைக்கிறார்கள். வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுங்கள். இந்த ஒன்றை மட்டும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, தினமும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

811: அவசரமில்லாத உடல்நலச் சந்தேகம். இரவு 2 மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு தாதியிடம் கேட்கலாம். இங்கும் மொழிபெயர்ப்பு உண்டு.

211: மற்ற எல்லாவற்றுக்கும். உணவு வங்கி, தங்குமிடம், ஆங்கில வகுப்பு, இலவச சட்ட உதவி என்று எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் இலவசச் சேவை. நாள் முழுவதும், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில். நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்தாத இலக்கம் இதுதான். "ஆரையாவது கேட்டுப் பாப்பம்" என்று மூன்று வாரம் அலைவதற்கு முன் 211ஐ அழையுங்கள்.

படி 2: குடியேற்ற உதவி நிலையம்

புதிதாக வந்தவர்களுக்கென்றே அரசின் பணத்தில் இயங்கும் நிலையங்கள் உண்டு. ஸ்காபரோ பக்கம் கத்தோலிக் குரொஸ்கல்ச்சரல் சேர்விசஸ், அஜின்கோர்ட் கொம்யூனிட்டி சேர்விசஸ் போன்றவை. பெயரில் கத்தோலிக் என்று இருப்பதால் சைவக்காரர் போகக்கூடாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எல்லாரும் போகலாம், மதம் கேட்க மாட்டார்கள். சில நூலகக் கிளைகளிலும் குடியேற்ற உதவியாளர் இருப்பார். தமிழ் பேசும் உதவியாளர் எந்த நாளில் வருவார் என்று முதலில் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அங்கே செய்துகொள்ள வேண்டியவை: சின் இலக்கம் (வேலைக்குத் தேவையான சமூகக் காப்புறுதி இலக்கம்), ஓஹிப் காட் (ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதி அட்டை), பிள்ளைகளுக்கான அரச உதவித்தொகை விண்ணப்பம். அகதிக் கோரிக்கையாளர் என்றால் ஓஹிப் இல்லை, சமஷ்டி அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம். எந்த டொக்டர் அதை ஏற்கிறார் என்பதையும் அங்கேயே கேளுங்கள். இந்த நிலையங்களில் எதற்கும் காசு கிடையாது. காசு கேட்டால் நீங்கள் தவறான கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் கவனம். நமக்குத் தகப்பன் பெயர்தான் கடைசிப் பெயர். புருஷனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு இன்னொன்று. இங்குள்ள அலுவலருக்கு இது ஒரு குடும்பமாகவே தெரியாது. கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு, எல்லாப் படிவத்திலும் அதைப் பார்த்தே எழுதுங்கள். ஒரு 'எச்' கூடினாலும் பிறகு அலைச்சல்தான்.

படி 3: வகுப்பு. நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள்

லிங்க் என்ற இலவச ஆங்கில வகுப்பை 1992 முதல் சமஷ்டி அரசு நடத்துகிறது. நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களும், அகதியாக ஏற்கப்பட்டவர்களும் சேரலாம். அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை என்றால் லிங்க் கிடையாது. ஆனால் பாடசாலைச் சபைகள் மாகாணப் பணத்தில் நடத்தும் வளர்ந்தோருக்கான ஈ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்) வகுப்பு உண்டு. "பேப்பர் கிடைச்சாப் பிறகு படிப்பம்" என்று இரண்டு மூன்று வருடத்தை வீணாக்கியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த இரண்டாவது கதவு இருப்பதே தெரியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குடியுரிமை எடுத்துவிட்டால் லிங்க் மூடிவிடும். குடியுரிமைக்கோ, 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் பேசுவதிலும் கேட்பதிலும் 4ஆம் மட்டத்தைக் காட்டவேண்டும். கனடாவின் மொழி அளவுகோலில் மொத்தம் 12 மட்டங்கள். லிங்க் வகுப்பில் 4ஆம் மட்டம் முடித்த சான்றிதழையே அதற்குக் காட்டலாம், தனியாகக் காசு கட்டிச் சோதனை எழுதத் தேவையில்லை. ஒரே வகுப்பில் இரண்டு காரியம்.

சேர்வதற்கு முன் ஒரு மதிப்பீடு வைப்பார்கள். ரொறன்ரோவில் வை.எம்.சி.ஏ. நிலையங்களில் நடக்கும். இதற்குப் படித்துவிட்டுப் போகாதீர்கள். கெட்டிக்காரர் போலக் காட்டி மேல்வகுப்பில் ஏறியவர்கள் இரண்டாம் வாரமே வகுப்புக்குப் போவதை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை விடுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்: பிள்ளை பராமரிப்பு உண்டா, மாலை வகுப்பு உண்டா, பஸ் செலவுக்கு ஏதாவது தருவார்களா, இணைய வழி வகுப்பா. சிறு பிள்ளை உள்ள தாய்மார் பிள்ளை பராமரிப்பு உள்ள இடத்தையே கேட்டு வாங்குங்கள், காத்திருப்புப் பட்டியல் என்றாலும் பெயரைப் போட்டு வையுங்கள். இணைய வகுப்பு வசதிதான். ஆனால் வாய் திறக்காமலே காலம் ஓடிவிடும். பஸ் ஏறிப் போகக்கூடிய வகுப்பு கிடைத்தால் அதையே எடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

வகுப்பில் எங்கே இருப்பது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தமிழர் பக்கத்தில் இருக்காதீர்கள். ஒரு ஆப்கான் அம்மாவுக்கும் ஒரு சீனத் தாத்தாவுக்கும் நடுவில் இருங்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் பொதுவாக இருப்பது உடைந்த ஆங்கிலம் மட்டும்தான். அந்த உடைந்த ஆங்கிலத்தில்தான் பேச்சு வரும். நூலகங்களில் ஆங்கில உரையாடல் வட்டங்களும் நடக்கின்றன. ரொறன்ரோவில் வசிப்பவர்களுக்கு நூலக அட்டை இலவசம், தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. வேலை நேரத்தால் வகுப்புக்கே போக முடியாதவர்களுக்கு அந்த வட்டம்தான் மிச்சம்.

படி 4: உங்களுக்காக யார் பேசுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

கடைக்கு, வங்கிக்கு, வீடு பார்க்க: தெரிந்தவர் கூட வரலாம். டொக்டர், பொலிஸ், சட்டத்தரணி, நீதிமன்றம், அகதி விசாரணை: தெரிந்தவர் வேண்டாம், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தெரிந்தவர் நல்லவர்தான். நல்லவர் என்பதாலேயே நீங்கள் சொன்னதைக் கொஞ்சம் "திருத்தி" நல்லதாகச் சொல்வார். அவர் முன்னால் சில விஷயங்களை நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்க வைக்கவே வைக்காதீர்கள். பத்து வயதுப் பெண்பிள்ளை தாயின் கர்ப்பப்பைப் பிரச்சினையை டொக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்ததை ஒரு கிளினிக்கில் பார்த்தேன். இரண்டு பேர் முகத்தையும் இப்போதும் மறக்க முடியவில்லை.

விசாரணையில் மொழிபெயர்ப்பாளரைப் பெறுவது சலுகை அல்ல, 1982ஆம் ஆண்டு உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு தரும் உரிமை. அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் அகதிச் சபை அவரை இலவசமாகவே தரும். கோரிக்கைப் படிவத்தில் மொழியோடு வட்டார வழக்கையும் கேட்பார்கள். வெறுமனே தமிழ் என்று எழுதாமல் இலங்கைத் தமிழ் என்று எழுதுவியுங்கள். எழுதிய மொழியையோ வட்டார வழக்கையோ மாற்றவேண்டும் என்றால் விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் அறிவிக்கவேண்டும். விசாரணை நடக்கும்போது மொழிபெயர்ப்பில் பிழை வருகிறது என்று தோன்றினால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். பிறகு மேன்முறையீட்டில் சொன்னால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று திருப்பிக் கேட்பார்கள்.

எங்கே பிழை வரும் என்பதற்குச் சில உதாரணங்கள். சித்தப்பாவின் மகனை நாங்கள் தம்பி என்போம். அது ஆங்கிலத்தில் கூடப்பிறந்த சகோதரனாகப் போய்விடும். படிவத்திலோ உங்களுக்குச் சகோதரர் இல்லை என்று இருக்கும். உடனே நீங்கள் பொய் சொல்கிறவர் ஆகிவிடுவீர்கள். ஆகவே "சித்தப்பாவின் மகன்" என்றே சொல்லுங்கள். மாமா என்றால் தாயின் சகோதரனா, மனைவியின் தகப்பனா, பக்கத்து வீட்டுக்காரரா? "இயக்கம்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், எந்த இயக்கம் என்று பெயரைச் சொல்லுங்கள். தை மாதம் என்றால் ஜனவரி முதலாம் திகதியிலிருந்தா, பொங்கலுக்குப் பிறகா? "கொண்டுபோனவங்கள்" என்றால் யார் கொண்டுபோனது, கைதா, கடத்தலா? நம் பேச்சில் எழுவாயை விழுங்கிவிடுவோம், கேட்கிறவருக்கு விளங்கும். ஆங்கிலத்தில் அந்த இடத்தை மொழிபெயர்ப்பாளர் தன் ஊகத்தால்தான் நிரப்புவார்.

பேசும் முறை: இரண்டு வசனம் சொல்லி நிறுத்துங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் டொக்டரைப் பார்த்துப் பேசுங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள்.

அப்புறம் இந்த "யெஸ், யெஸ்." ஊரில் ஒருவர் பேசும்போது "ம்", "ஓம் ஓம்" என்று சொல்வது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான மரியாதை. அந்தப் பழக்கத்தில் இங்கே "யெஸ்" என்று வந்துவிடும். இங்கே அது ஒப்புதல். நெஞ்சுவலி இருக்கிறதா என்று கேட்டால் யெஸ், மருந்து விளங்கியதா என்றால் யெஸ், இந்தச் சிகிச்சைக்குச் சம்மதமா என்றாலும் யெஸ். தலையாட்டலும் அப்படித்தான், நம் பக்கவாட்டுத் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாது. "யெஸ்" வரும் இடத்தில் "வெயிட்" என்று சொல்லப் பழகுங்கள். கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியலாம், பரவாயில்லை.

படி 5: கையெழுத்து

வாசிக்க முடியாத எதிலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். தாளைப் போனில் படம் எடுத்து, "நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். போனில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலி இது என்ன தாள் என்று ஓரளவுக்குக் காட்டும். அதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள், யாரிடம் கொண்டுபோவது என்று தீர்மானிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

வீட்டு விஷயத்தில் அதிகம் மாட்டுவது என்-11 என்ற படிவம். வாடகையை முடித்துக்கொள்ள இரு தரப்பும் சம்மதிப்பதாகச் சொல்லும் தாள். வாடகை ரசீது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்ட ஒரு குடும்பம் எனக்குத் தெரியும், வீட்டுக்காரரும் தமிழர்தான். வீட்டுக்காரர் தரும் நோட்டீஸ் வெளியேற்றும் உத்தரவு ஆகாது. அந்த உத்தரவை வீட்டுக்காரர்-வாடகையாளர் சபைதான் போட முடியும். முற்பணமாகக் கடைசி மாத வாடகையும் திறப்புக்கு (சாவிக்கு) ஒரு சிறு தொகையும்தான் கேட்கலாம். "டமேஜ் டெபொசிட்" கேட்பது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். பேஸ்மென்டில் இருப்பவர்களுக்கும் பொதுவாக இதே சட்டம்தான். வீட்டுக்காரரோடு ஒரே குசினி அல்லது ஒரே குளியலறை என்றால் மட்டும் பெரும்பாலும் பொருந்தாது.

குடிவரவுப் படிவங்களைக் காசுக்கு நிரப்பித் தருபவர்களைப் பற்றி: சட்டத்தரணி, அனுமதி பெற்ற சட்டத்துணைவர், குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் (ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) உரிமம் பெற்றவர், இவர்கள் மட்டுமே காசு வாங்கி ஆலோசனை சொல்லலாம். உரிமம் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். யார் நிரப்பினாலும், கையெழுத்துக்கு முன் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளட்டும். காசு இல்லையென்றால் லீகல் எயிட் ஒன்ராறியோவும், தெற்காசியருக்கான சால்கோ சட்ட நிலையமும் இருக்கின்றன.

வேலை: ஏஜென்சி வழியாகப் போகும்போது மணிக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். 2025 ஒக்டோபர் 1இல் ஒன்ராறியோவில் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர் ஆனது.

படி 6: பாடசாலை

குடிவரவு நிலை எதுவானாலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது, அது ஒன்ராறியோ கல்விச் சட்டம். பல பாடசாலைகளில் குடியேற்ற உதவியாளர் உண்டு, அலுவலகத்தில் "சுவிஸ் வேர்க்கர்" என்று கேளுங்கள். ஆசிரியர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பிள்ளையே மொழிபெயர்த்தால், "நல்லாப் படிக்கிறேனாம்" என்றுதான் உங்களுக்கு வந்து சேரும். வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் பாடசாலையில் எப்படியும் வரும், நீங்கள் தட்டுத்தடுமாறிப் பேசுவதால் அதற்கு லாபமில்லை.

படி 7: நம் சனம்

ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், தேவாலயம், முதியோர் சங்கம், தமிழ் வானொலி. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்களோ அதன் பழைய மாணவர் சங்கம் பெரும்பாலும் இங்கே இருக்கும். முதல் பனிக்காலத்துக்குச் சட்டை, பழைய கட்டில், வாடகை அறைத் தகவல், வேலைக்கு ஒரு வார்த்தை, இதற்கெல்லாம் இவர்களை விட்டால் ஆளில்லை. தயங்காமல் போய்ச் சேருங்கள்.

எதற்குப் போகக்கூடாது? வழக்கு எப்படி நடத்துவது, எந்தக் கதை சொன்னால் வெல்லும் என்பதற்கு. "எனக்கு இப்படித்தான் கிடைச்சது" என்று சொல்பவர் வந்த காலத்துச் சட்டம் வேறு. அறிமுகமாகி ஒரு மாதத்தில் சீட்டில் சேரச் சொல்பவரிடம் இருந்தும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

வயதானவர்களுக்கு முதியோர் சங்கம் மருந்து மாதிரி. மகன் வீட்டில் பகல் முழுவதும் தனியாக இருக்கும் அம்மாவை வாரம் ஒருநாள் அங்கே கொண்டுபோய் விடுங்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக் கற்றுக்கொடுத்தால் இன்னும் நல்லது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. கணவர் விண்ணப்பித்து நிரந்தர வதிவுரிமையோடு வந்தவர்களிடம், "இரண்டு வருஷத்துக்குள்ள விட்டிட்டுப் போனால் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்" என்று இன்றும் மிரட்டுகிறார்கள். 2012இல் அப்படி ஒரு நிபந்தனை கொண்டுவந்தார்கள், 2017 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் ஒன்ராறியோவின் அசோல்ட்டட் விமன்ஸ் ஹெல்ப்லைனை 24 மணிநேரமும் அழைக்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை, மொழிபெயர்ப்பு உண்டு. மொழிபெயர்ப்பவர் ஊர்க்காரராக இருந்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. குரல் தெரிந்தமாதிரி இருந்தால் வேறு ஆளைக் கேட்கலாம்.

படி 8: வருடம் முடிவதற்குள்

வருமானமே இல்லாவிட்டாலும் ஏப்ரல் 30க்குள் வரிக் கணக்கைக் கொடுங்கள். பிள்ளைகளுக்கான உதவித்தொகை அதைப் பார்த்துத்தான் தொடரும். குறைந்த வருமானக்காரருக்கு இலவச வரி முகாம்கள் உண்டு, இடத்தை 211 சொல்லும். வரித் திணைக்களம் என்று போனில் மிரட்டிப் பரிசு அட்டை வாங்கச் சொன்னால் அது திருடன். தமிழில் பேசினாலும் திருடன்தான்.

கார் ஓட்டும் அனுமதிக்கான ஜி-1 எழுத்துச் சோதனையைத் தமிழிலேயே எழுதலாம். வீதிக் குறிகளில் 20 கேள்வி, விதிகளில் 20 கேள்வி, ஒவ்வொன்றிலும் 16 சரியாக வரவேண்டும். தமிழில் எழுதிப் பாஸ் பண்ணிய தெம்போடு நேரே வீதிச் சோதனைக்குப் போய்விடாதீர்கள், பரீட்சகர் ஆங்கிலத்தில்தான் சொல்வார். நாலைந்து கட்டளைகள்தான், காரில் ஏற முன்பே மனப்பாடம் பண்ணிவிடுங்கள். முக்கியமாக "புல் ஓவர்". ஊரில் அது குளிருக்குப் போடும் சட்டை. இங்கே, காரை ஓரமாக நிறுத்து.